பிள்ளையை யார் பார்ப்பது?

வேலைக்குச் செல்லும் பெண்ணிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. நேர்முகப் பரீட்சையில் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கூடக் கேட்கிறார். “அப்ப பிள்ளையை யார் பார்க்கிறது?” அதே வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வாப்பாவிடம் இதை ஒருவரும் கேட்பதில்லை. கேள்வியில் தவறில்லை. சிறு பிள்ளையை யாராவது ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் அதற்கு விடை தேடும் பொறுப்பு முழுவதையும் தாயின் தலையில் மட்டும் வைத்துவிட்டு, ஊரும் தொழில் கொடுப்போரும் அரசாங்கமும் ஒதுங்கி நிற்பது சரிதானா என்பதையே இங்கு பேச விரும்புகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாகப் பணிபுரிபவள். இரண்டு பிள்ளைகளின் தாய். வகுப்பில் வரவுப் பதிவேடு குறிக்கும்போது சில பெயர்களுக்கு எதிரே அடிக்கடி வெற்றிடம் விழுவதைக் காண்கிறேன். மறுநாள் காரணம் கேட்டால், “உம்மா வேலைக்குப் போயிட்டா டீச்சர், தம்பிக்குக் காய்ச்சல், பார்க்க ஆளில்லை” என்று பதில் வரும். அந்தப் பிள்ளை பொய் சொல்வதில்லை. உம்மாவும் கவனக்குறைவானவர் அல்ல. அன்றைய கூலியை இழந்தால் அன்றைய சோற்றுக்கு வழியில்லாத வீடு அது. இத்தகைய வீடுகளில் பிள்ளை பராமரிப்புக்குக் கட்டணம் இல்லை என்று நினைப்பது தவறு. கட்டணம் உண்டு. அதை மூத்த பெண்பிள்ளை தன் படிப்பால் செலுத்திக்கொண்டிருக்கிறாள். மாணவியரும் பெற்றோரும் வாசிக்கும் இந்த மலரில் இதை எழுத நான் முன்வந்ததற்கு முதற் காரணம் இதுவே.

“முன்பெல்லாம் இந்தப் பிரச்சினை இருந்ததா?” என்று பெரியவர்கள் கேட்கலாம். முன்பு உம்மம்மா இருந்தார். அடுத்த வளவில் மாமி இருந்தார். சாச்சியின் பிள்ளைகளோடு நமது பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் வளர்ந்தார்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது வீடும் கடையும் மட்டும் பறிபோகவில்லை. அந்த முற்றமும் பறிபோனது. 2009க்குப் பின்னர் மெல்ல மெல்ல மீளக் குடியேறினோம். ஆனால் ஒரு குடும்பம் முழுதாகத் திரும்பி வந்தது அரிது. ஒரு மகள் சோனகத் தெருவில், ஒரு மகன் நீர்கொழும்பில், உம்மாவும் வாப்பாவும் புத்தளத்தில் என்று குடும்பங்கள் இன்றும் சிதறியே கிடக்கின்றன. நான் புத்தளத்தில் இடம்பெயர்ந்தோர் குடியிருப்பொன்றில் வளர்ந்தவள். என் உம்மா இன்னும் அங்குதான் இருக்கிறார். என் மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் அவரால் செய்ய முடிந்ததெல்லாம் தொலைபேசியில் துஆ ஓதுவது மட்டுமே.

இது நமது சமூகத்தின் கதை மட்டுமன்று. குடாநாட்டின் தமிழ்க் குடும்பங்களைப் பாருங்கள். பல இடப்பெயர்வுகள், உயிரிழப்புகள், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன உறவுகள். பெரிய வீட்டில் வயோதிபத் தாய் தனியே இருக்கிறார். அவருடைய பேரப்பிள்ளைகள் கடலுக்கு அப்பால் வளர்கிறார்கள். இன்னொரு வீட்டில் கணவனை யுத்தத்தில் இழந்த பெண் தனியொருத்தியாக உழைத்துப் பிள்ளைகளை வளர்க்கிறாள். உம்மம்மாவையும் அம்மம்மாவையும் நம்பியே நமது வாழ்க்கை முறை அமைந்திருந்தது. அவர்கள் பக்கத்தில் இல்லாத ஊரில், அவர்கள் இருப்பதாக எண்ணிக்கொண்டு வேலை நேரங்களும் பாடசாலை நேரங்களும் இன்னமும் நடக்கின்றன.

அந்த நேரங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான முன்பள்ளிகள் முற்பகல் 11.30 அல்லது 12 மணியளவில் கலைகின்றன. பாடசாலை 1.30க்கு விடுகிறது. அரச அலுவலகம் 4.15 வரை இயங்குகிறது. கடையில் நிற்கும் பெண் வீடு திரும்ப மஃரிப் ஆகிவிடும். முன்பள்ளி விடும் நேரத்திலிருந்து தாய் வீடு திரும்பும் நேரம் வரை நாலு மணித்தியாலத்திற்கும் அதிகமான ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் மூன்று வயதுப் பிள்ளை எங்கே இருக்கிறது? சில தாய்மார் ஓட்டோக்காரத் தம்பியை நம்பிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிலர் மதிய இடைவேளையில் சாப்பிடாமல் ஓடிப்போய், பிள்ளையை ஏற்றி, இன்னொரு வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகிறார்கள். வேறு சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிடுவோரின் தொகை சிறியதல்ல. நமது நாட்டில் பல்கலைக்கழகத்திற்குத் தெரிவாகின்றவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் தொழில் செய்வோர், தொழில் தேடுவோர் கணக்கை எடுத்தால், வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரே அதில் வருகிறார். ஆண்களிலோ பத்துக்கு ஏழு பேரளவில் வருகின்றனர். படிக்கும் வரை முன்னால் நின்ற பெண், பிள்ளை பிறந்த பின்னர் எங்கே போனாள் என்று கேட்டால், பல வீடுகளில் விடை அந்த நாலு மணித்தியாலத்துக்குள் இருக்கிறது.

வேலைக்குப் போகும் தாய் என்றவுடன் அலுவலகக் கதிரையில் இருப்பவரை மட்டும் நினைக்கக் கூடாது. வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் வைத்துப் பெருநாளுக்கு உடுப்புத் தைப்பவரும் உழைக்கும் தாய்தான். அதிகாலையில் எழுந்து இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பவரும் அப்படித்தான். “வீட்டில்தானே இருக்கிறா” என்று சொல்லிவிடுகிறோம். தவழும் பிள்ளை ஊசிக்கும் கத்திரிக்கும் கொதிக்கும் பானைக்கும் நடுவில் இருக்கிறது என்பதை நினைப்பதில்லை. வலிகாமத்தில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் வேலியோர மரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையை வளர்த்தவர்கள். ஏணைக்கு நிழல் இருந்தால் அன்று வேலை, வெயில் திரும்பினால் வேலை பாதியில்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இந்த நாட்டின் பழைய தொழிற் சட்டங்களில் ஒன்று. 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னர், எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் விடுமுறை உண்டு. அதற்கு முன்னர் மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான். பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நாளில் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை பெறவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. வேலைத் தலத்தில் பிள்ளை காப்பகம் இருந்தால் ஒவ்வோர் இடைவேளையும் ஆகக்குறைந்தது அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது பல தாய்மாருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கேட்கத் தயங்குகிறார்கள்.

அரச சேவையில் 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் விடுமுறை கிடைக்கிறது. விரும்பினால் இன்னும் 84 நாட்கள் அரைச் சம்பளத்திலும், அதன்பின் 84 நாட்கள் சம்பளமின்றியும் பெறலாம். காகிதத்தில் இது தாராளமானது. ஆனால் வீட்டுக் கடனும் நகைக் கடனும் மாதாமாதம் கழியும் ஓர் ஆசிரியைக்கு அரைச் சம்பளம் என்றால் சில மாதங்களில் கையில் மிஞ்சுவது மிகச் சிறிதே. தந்தைக்கோ அரச சேவையில் மூன்று நாள் விடுமுறை. தனியார் துறையில் சட்டப்படி அதுவும் இல்லை. தனியார் துறையில் தாயின் விடுமுறைச் சம்பளம் முழுவதையும் தொழில் கொடுப்பவரே சுமக்கிறார். அதற்கெனப் பொது நிதியம் எதுவும் கிடையாது. நாலு பேரை வைத்துக் கடை நடத்தும் முதலாளி, “புதுசாகக் கல்யாணம் கட்டின பிள்ளை வேண்டாம்” என்று யோசிக்க அதுவே காரணமாகிவிடுகிறது. வீட்டிலிருந்து தைப்பவருக்கும் நாட்கூலிக்குப் போகிறவருக்கும் முதலாளி என்று பதிவில் ஒருவரும் இல்லாதபடியால் சட்டம் அவர்களை எட்டுவதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 84 நாளில் பிள்ளை குப்புறப் படுக்கத்தான் பழகியிருக்கும். விடுமுறை முடிந்து முன்பள்ளிக்குப் போகும் வயது வரையுள்ள மூன்று வருடத்தைப் பற்றி எந்தச் சட்டமும் சுற்றறிக்கையும் அந்தத் தாயோடு பேசுவதில்லை.

இந்த நாட்டிலேயே அந்த மூன்று வருடத்துக்கு ஒரு விடை நெடுங்காலமாக இருந்து வருகிறது. அது கொழும்பில் இல்லை, மலையகத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் ‘பிள்ளை மடுவம்’ என்ற ஒன்று வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே உண்டு. காலையில் கொழுந்து பறிக்கப் போகும் தாய், பிள்ளையை அங்கே ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு மலைக்கு ஏறுவாள். இடைவேளையில் வந்து பால் கொடுப்பாள். பழைய மடுவங்கள் நல்லவையாக இருந்தன என்று நான் சொல்லவில்லை. இருட்டான ஓர் அறை, வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், பயிற்சியற்ற ஓர் ஆயா என்றுதான் பல இடங்களில் இருந்தன. 1992இல் அரசாங்கமும் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தை அமைத்த பின்னர் அவற்றுள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். குறைகள் இன்னும் உண்டு. ஆயினும், நாட்டில் மிகக் குறைந்த கூலி பெறும் பெண்களில் ஒருத்திக்குக் கிடைக்கும் அந்த வசதி, யாழ்ப்பாணத்தில் தாதிக்கும் ஆசிரியைக்கும் புடவைக்கடைப் பெண்ணுக்கும் இல்லை.

துரைமார் இரக்கத்தினால் மடுவம் கட்டவில்லை. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களுடைய கை இல்லாவிட்டால் தேயிலை இல்லை. தாய் மலைக்கு வரவேண்டுமானால் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்பது தோட்டத்தின் கணக்கில் ஒரு செலவாகச் சேர்ந்தது. எங்கே பெண்ணின் உழைப்பு இன்றியமையாதது என்று ஒத்துக்கொள்ளப்படுகிறதோ, அங்கே பிள்ளை பராமரிப்பும் தொழிலின் செலவுக் கணக்கில் வந்துவிடுகிறது. எங்கே அது “வீட்டுக்கு ஒரு கைச்செலவு” என்று எண்ணப்படுகிறதோ, அங்கே பிள்ளை தாயின் சொந்தப் பிரச்சினையாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் பெண்கள் நாளைக்கே வேலைக்கு வராவிட்டால் எத்தனை பாடசாலைகள், எத்தனை வைத்தியசாலை விடுதிகள், எத்தனை வங்கிக் கிளைகள் இயங்கும் என்று எண்ணிப் பாருங்கள். நமது உழைப்பு கைச்செலவுக்கானதல்ல.

இனி, நேரம். “அலுவலக நேரத்தை ஆளுக்கொரு மாதிரி மாற்ற முடியாது” என்பது வழக்கமான பதில். ஆனால் மாற்ற முடியும் என்பதை இந்த நாடு பல தடவை காட்டியிருக்கிறது. 2017இல் வாகன நெரிசலைக் குறைப்பதற்காகப் பத்தரமுல்லையில் அரச அலுவலகங்களில் நெகிழ்வான வேலை நேரம் பரீட்சார்த்தமாக நடைமுறைக்கு வந்தது. 2020இல் கொரோனா வந்தபோது நாங்கள் வீட்டிலிருந்து வட்ஸ்அப்பில் பாடம் நடத்தினோம். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு திண்டாடியபோது அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. வாகனத்துக்காகவும் நோய்க்காகவும் பெற்றோலுக்காகவும் வளைந்த நேரம், பால் குடிக்கும் பிள்ளைக்காக அரை மணித்தியாலம் வளையாதா?

எல்லா வேலையும் வீட்டிலிருந்து செய்யத்தக்கதல்ல என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தாதி விடுதியில் நிற்க வேண்டும். ஆசிரியை வகுப்பில் நிற்க வேண்டும். ஆனால் அங்கும் செய்யக்கூடியது உண்டு. பாடசாலை நேரசூசி தயாரிக்கும்போது கைக்குழந்தையுள்ள ஆசிரியைக்கு முதற் பாடவேளையோ கடைசிப் பாடவேளையோ ஓய்வாக வருமாறு அமைக்கலாம். அலுவலகத்தில் எட்டு மணிக்கு வருபவர் நேரத்தோடு போகவும் ஒன்பதுக்கு வருபவர் பிந்திப் போகவும் ஒழுங்கு செய்யலாம். விரல் அடையாளம் பதியும் இயந்திரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் அரைநாள் லீவு போகும் என்ற பயத்தில், பிள்ளையை அழ அழ விட்டுவிட்டு ஓடிவரும் தாய் அன்று காலை முழுவதும் எப்படி வேலை செய்வாள்? நேரம் சற்று இளகினால் வேலை குறையும் என்று பயப்படத் தேவையில்லை. நிம்மதியோடு இருப்பவரே ஒழுங்காக வேலை செய்வார்.

நமக்கு இதில் அழகிய முன்மாதிரி உண்டு. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழுவிக்க எண்ணி நிற்கும்போது பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அந்தத் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று ஹதீஸில் வருகிறது. தொழுகையை விடப் பெரிய கடமை எந்த அலுவலகத்தில் இருக்கிறது? பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி அவர்கள் தொழுததும் நாம் படித்ததுதான். பிள்ளை தூக்குவது ஆண்களின் மரியாதைக்குக் குறைவு என்று நினைக்கும் வாப்பாமார் அதை ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அல்பகறா அத்தியாயத்தின் 233ஆம் வசனமும் பிள்ளையின் காரணமாகத் தாயோ தந்தையோ துன்பத்துக்கு ஆளாகக் கூடாது என்றும், வேறொருவரைக் கொண்டு பாலூட்டுவதாயின் அவருக்குரியதை முறைப்படி கொடுத்துவிட வேண்டும் என்றும் போதிக்கிறது. பிள்ளை வளர்க்க இன்னொருவரின் உதவியை நாடுவதில் குற்றமில்லை, ஆனால் அந்த உதவிக்கு நியாயமான கூலி உண்டு என்பதே நான் இதிலிருந்து பெறும் பாடம்.

அந்த நியாயமான கூலியில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பராமரிப்பாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் தொழில் கொடுப்போர் செலுத்தும் 15 வீதத்தையும் சேர்த்தால் ஒருவருக்கு 34,500, இருவருக்கு 69,000. மின்சாரம், தண்ணீர், சவர்க்காரம், மாலைத் தேநீர், விளையாட்டுப் பொருள் என்று 15,000 வைத்தால் மொத்தம் 84,000. கட்டடம் இலவசமாகக் கிடைத்தாலும் ஒரு பிள்ளைக்கு மாதம் 7,000 ரூபாய் வருகிறது. அதே ஆகக்குறைந்த சம்பளம் பெறும் ஒரு கடைப் பெண்ணுக்குச் சேமலாப நிதி கழித்துக் கையில் வருவது 27,600. அதில் கால்வாசி இதற்கே போய்விடும். இரண்டு பிள்ளைகள் என்றால் பாதி.

பராமரிப்பாளருக்கு நியாயமான சம்பளம், தாய்க்குத் தாங்கக்கூடிய கட்டணம் இரண்டையும் கட்டணத்தால் மட்டும் நிறைவேற்ற முடியாது என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. கட்டணத்தைக் குறைக்கவென்று பராமரிப்பாளருக்குப் பத்தாயிரம் பதினையாயிரம் கொடுத்தால், ஓர் ஏழைப் பெண்ணின் சுமையை இன்னோர் ஏழைப் பெண்ணின் தோளுக்கு மாற்றியதாகத்தான் முடியும். இடையில் உள்ள பள்ளத்தை யாராவது நிரப்ப வேண்டும். மலையகத்தில் தோட்டமும் அரசும் நிரப்பின. இங்கே யார்?

முதலில் கட்டடம். எமது முன்பள்ளிகள் நண்பகலோடு பூட்டப்படுகின்றன. மாநகர சபைக்கும் பள்ளிவாசல்களுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் பகலில் வெறுமையாகக் கிடக்கும் மண்டபங்கள் உண்டு. முன்பள்ளி முடிந்ததும் அதே இடத்தில் மாலை ஐந்து மணி வரை பராமரிப்பைத் தொடர்ந்தால் அந்த நாலு மணித்தியால இடைவெளி அடைபட்டுவிடும். அடுத்தது நிதி. மேற்சொன்ன கணக்கில் ஒரு பராமரிப்பாளரின் செலவை மட்டும் ஒரு பொது நிதி ஏற்றுக்கொண்டால் கட்டணம் 7,000இலிருந்து 4,125 ஆகக் குறைகிறது. அதற்கு ஆண்டுக்கு 414,000 ரூபாய் தேவை. இன்றைய ஒரு கல்யாணச் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையல்ல. வக்பு வருமானத்திலிருந்து ஒரு பங்கு, ஸகாத் பெறத் தகுதியுள்ள தாய்மாருக்கு உலமாக்களின் வழிகாட்டலுடன் கட்டண உதவி, தம் ஊழியரின் பிள்ளைகளுக்காகக் கடை உரிமையாளர்கள் தரும் பங்கு என்று பல சிறு ஊற்றுகளைச் சேர்க்கலாம்.

இதை நடத்துவது யார்? கூட்டுறவு முறை நமக்குப் புதிதல்ல. 1930களிலேயே மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை கண்ட குடாநாடு இது. வைத்தியத்துக்குச் செய்ததை வளர்ப்புக்கும் செய்யலாம். இந்தியாவில் அகமதாபாத்தில், 1972இல் இலா பட் தொடங்கிய ‘சேவா’ பெண்கள் சங்கம் வீதி வியாபாரிகள், கூலிப் பெண்கள், வீட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நிலையங்களை அமைத்தது. பராமரிப்பாளர்களே ‘சங்கினி’ என்ற கூட்டுறவுச் சங்கமாக இணைந்தார்கள். அந்த நிலையங்கள் அரை நாளில் மூடப்படாமல் தாயின் வேலை நாளுக்கு ஏற்ப முழு நாளும் திறந்திருப்பதே அவற்றின் பலம். சீட்டுப் பிடித்து நகை மீட்கத் தெரிந்த பெண்கள் நமது தெருக்களில் நிறைய இருக்கிறார்கள். கணக்கு வைக்கவும் நம்பிக்கை காக்கவும் அவர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

மூன்று மறுப்புகளை நான் அடிக்கடி கேட்கிறேன். முதலாவது, தாய் வீட்டில் இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்பது. இருக்க விரும்புகிற, இருக்க முடிகிற தாய் இருக்கட்டும். அது மதிப்புக்குரிய உழைப்பு. ஆனால் விதவைக்கும், கணவனின் வருமானம் போதாதவளுக்கும், பெண் நோயாளிகளைப் பார்க்கப் பெண் வைத்தியர்தான் வேண்டும் என்று நாமே கேட்கும் வைத்தியருக்கும் அந்தத் தெரிவு இல்லை. பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியை வேண்டும் என்று விரும்பும் பெற்றோர், அந்த ஆசிரியையின் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, முன்பின் தெரியாதவரிடம் பிள்ளையை எப்படி நம்பி விடுவது என்பது. பயம் நியாயமானது. ஆனால் இன்று பூட்டிய வீட்டில், பத்து வயது ராத்தாவின் பொறுப்பில் விடப்படும் பிள்ளையை மேற்பார்வை செய்ய யாரும் இல்லை. பதிவு செய்யப்பட்ட நிலையத்தில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள், கதவு திறந்திருக்கும், எந்தத் தாயும் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம், குடும்பநல உத்தியோகத்தர் வந்து போவார். எது பாதுகாப்பு?

மூன்றாவது, அரசாங்கத்திடம் பணமில்லை என்பது. 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வீட்டுப்பணிக்குப் போகக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நாட்டில் டொலர் வற்றிய 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகளில், அந்தத் தாய் ஊரிலேயே உழைப்பதற்காக அவளுடைய பிள்ளைக்கு ஓர் இடம் அமைத்துக் கொடுத்திருந்தால், இன்னொரு நாட்டின் பிள்ளையை வளர்க்கத் தன் பிள்ளையை விட்டுப் போகும் தேவை பலருக்கு வந்திராது. பணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பெண்ணின் உழைப்பிலிருந்து வரும் பணத்தை மட்டும் நாடு எண்ணத் தவறுவதில்லை.

அன்பு மாணவியரே, நாளை நீங்கள் வைத்தியராக, கணக்காளராக, ஆசிரியையாக, தொழில் முனைவோராக வருவீர்கள். திருமணப் பேச்சு வரும்போது சீதனத்தையும் வீட்டையும் பற்றிப் பேசுவார்கள். அப்போது பிள்ளை வளர்ப்பில் இருவரின் பங்கு என்ன என்பதையும் வாய் திறந்து பேசுங்கள். பாலூட்டும் இடைவேளை உங்கள் சட்ட உரிமை என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். ஒருநாள் நீங்களே நிறுவனத் தலைவியாகும்போது, நேர்முகப் பரீட்சையில் அந்தப் பழைய கேள்வியைக் கேட்காதீர்கள்.

பெற்றோர்களே, அடுத்த பொதுக் கூட்டத்தில் கட்டட நிதி, ஒலிபெருக்கி, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றோடு இதையும் ஒரு விடயமாகச் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு மண்டபம், இரண்டு பயிற்சி பெற்ற பெண்கள், பன்னிரண்டு பாய்கள், ஒரு கணக்குப் புத்தகம். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். அப்படி ஒன்று இந்த ஊரில் உருவாகும் ஆண்டில், என் வகுப்பு வரவுப் பதிவேட்டில் எத்தனை வெற்றிடங்கள் நிரம்புகின்றன என்று எண்ணிச் சொல்லும் வேலையை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன், இன்ஷா அல்லாஹ்.